பர்ஹானாவின் இரண்டாவது அட்டை

கடுகண்ணாவை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மகள் பர்ஹானாவுக்கு வாப்பாவின் ஸலாம்.

கனடாவில் இப்போது குளிர் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே விடாத மழை. எனக்குச் சுகம்தான், பிரஷர் மருந்தைத் தவறாமல் குடிக்கிறேன். உன் உம்மா மவுத்தாகி எங்களை விட்டுப் போனதிலிருந்து, அவளுடைய தங்கச்சி அபீபா சாச்சிதான் பகல் சோறு அனுப்புகிறாள். கறியில் உப்புக் கொஞ்சம் கூட. சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போனில் கேட்டதற்குக் கடிதத்தில் ஏன் பதில் என்று யோசிப்பாய். போனில் உன் குரல் கம்மினால் நான் உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன். எழுதினால் பேச்சு மாறாமல் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அடுத்ததாக எந்தக் கடனட்டை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். மாணவி என்று வங்கி தந்த முதல் அட்டையை ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பாவித்துவிட்டாய். நாளைக்கு அங்கே வீடு வாடகைக்கு எடுப்பதென்றாலும் கடன் விஷயத்தில் நல்ல பெயர் வேண்டும், அதற்கு இரண்டாவது அட்டை உதவும் என்கிறாய். வாழ்நாளில் ஓர் அட்டையும் வைத்திராதவனிடம் கேட்கிறாயே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஹார்ட்வெயார் கடை ஹுஸைனிடம் சொன்னேன். அவர் கடையே அதிரச் சிரித்தார். “மாஸ்டர், கடக் கொப்பீல ஒரு ஆணிக் கடன் நிண்டாலும் ஒங்களுக்கு நித்திர வாரல்ல. நீங்களா மகளுக்குக் காட் தெரிவு செஞ்சு குடுக்கப் போறீங்க?” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் நீ அனுப்பிய விபரங்களைப் பலமுறை வாசித்தேன்.

ஒன்றுக்கு வருடச் சந்தா இல்லை. வரம்பு சிறியது. மரக்கறி, அரிசி வாங்கினால் கொஞ்சம் காசு திரும்பி வரும். மற்றதற்குச் சந்தா உண்டு, வரம்பு பெரியது, விமானப் பயணத்துக்குப் புள்ளிகள் சேருமாம். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி வராது என்று மௌலவியிடம் கேட்டுச் சொன்னாய். அது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் பெரிய அட்டையில் திடீரென்று ஒரு டிக்கெட்டை வாங்கினால், கடையில் பகுதிநேரம் நிற்கிற நீ அதை ஒரு மாதத்தில் எப்படிக் கட்டுவாய்? அந்த இடத்தில்தான் வட்டி உள்ளே வரும். எனக்கு விளங்கியது பிழையாகவும் இருக்கலாம். ஆனாலும் சந்தா இல்லாத அட்டைதான் நல்லது என்று படுகிறது. முதல் அட்டையை மூடாதே. அது பழையதாக ஆக ஆக உன் பெயருக்கு நல்லது என்று வாசித்தேன்.

பதில் இவ்வளவுதான். ஆனால் பெரிய அட்டைதான் வேண்டும் என்பதற்கு நீ ஒரு காரணம் எழுதியிருந்தாய்: “அடுத்த முறை அப்படி ஏதும் நடந்தால் நான் உடனே வர வேண்டும், வாப்பா.” அடுத்த முறை என்பது நான்தான் என்று விளங்கிக்கொண்டேன். அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை, மகள்.

அன்று விடியச் சுபஹோடு உம்மா போனதும் நான்தான் உனக்கு அழைத்தேன். வருகிறேன், உம்மாவை வைத்திருங்கள் என்று அழுதாய். சாச்சியிடம் போனைக் கொடுத்தேன். அவளும் அழுதுகொண்டு, “வாங்க மகள், வாங்க” என்றாள். வேறு என்ன சொல்வாள்? அந்த ஒரு சொல்லை நம்பி நீ இரவு முழுவதும் டிக்கெட் வாங்க உன் முதல் அட்டையோடு போராடியிருக்கிறாய்.

பகல் ளுஹருக்கே அடக்கலாம் என்றார்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தார். பின்னேரம் அஸர் வரை பொறுக்கச் சொன்னேன். நான் கேட்டு வாங்கியது அவ்வளவுதான். அதற்கே சாச்சியின் கணவர், “யாருக்காகப் பொறுக்கிற மச்சான்? புள்ள பறந்தாலும் நாளைக்கும் வந்து சேராதே” என்றார். நான் பூகோளம் படிப்பித்தவன். கனடா எவ்வளவு தூரம் என்று அவர் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. இருந்தும் பொறுக்கச் சொன்னேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்து மேசையில் கிடந்த போனைப் பார்த்தபோதுதான் உன் செய்தியைக் கண்டேன். அட்டை ஏற்கவில்லை, மன்னியுங்கள் என்று எழுதியிருந்தாய். அதை நீ எழுதும்போது உம்மாவின் கப்றில் மண் போட்டு முடிந்திருந்தது. அட்டை ஏற்றிருந்தாலும், அதன் வரம்பு பத்து மடங்கு இருந்திருந்தாலும், உம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது. இத்தனை மாதமும் உன்னால்தான் தவறியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாய். இதைப் போனில் சொல்ல ஒவ்வொரு முறையும் நினைப்பேன். பிறகு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

எனக்கும் அப்படித்தான் நடக்கும். சுபஹோடு போனால் அஸருக்குள் முடிந்துவிடும். எந்த வங்கியும் அதற்குள் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே என் மவுத்துக்காக அட்டை எடுக்காதே, மகள்.

சந்தா இல்லாத அந்தச் சின்ன அட்டையை எடு. திரும்பி வருகிற காசைத் தொடாமல் வை. உன் விடுமுறையில், டிக்கெட் மலிவான ஒரு நாளில், இங்கே யாருக்கும் ஒன்றும் நடக்காதபோது வா. படிப்புக்கு இடைஞ்சல் என்றால் வேண்டாம். இல்லை, அப்படி எழுதியிருக்கக் கூடாது. இடைஞ்சலாக இருந்தாலும் வா. உம்மாவின் அலுமாரியை இன்னும் திறக்கவில்லை. சாச்சி கேட்டும் சாவி கொடுக்கவில்லை. அதை நீ திறக்க வேண்டும். நான் பக்கத்தில் கதிரையில் இருப்பேன்.

திகதி தெரிந்தால் எழுது. ஹுஸைனிடம் வேன் கேட்டு வைக்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானும் வருவேன்.

நீ இந்த வாசலுக்கு வரும்போது கதவைத் திறக்க நான் இருக்கும்படி அல்லாஹ் ஆக்கிவைப்பானாக. ஐந்து நேரமும் என் துஆ அது ஒன்றுதான்.

உன் வாப்பா,
ஸெய்னுலாப்தீன்.