கம்ப்யூட்டர் ரூம் வாசலில் என் செருப்பு

12-9-91, வியாழன்

ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. ரூம். தூசு ஆகாதாம், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். டிரெய்னிங்குக்கு மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. யாருக்கும் வேலை போகாது என்று பேப்பரில் போடுகிறான். எழுதுகிறவனுக்கு என்ன, அவன் வேலையா போகிறது? "வீடியோ கேம் மாதிரிதாம்ப்பா, ஈஸி" என்கிறான் என் பையன். அதில் செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

மத்தியானம் என்ன தோன்றியதோ, என் செருப்பையும் அந்த வாசலில் விட்டுவிட்டு சீட்டுக்கு வந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் என்னையும் கூப்பிட்டதாக நினைக்கட்டுமே.

மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. "உள்ள மூணு பேர்தானே? இது யாரோடது?" என்று ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார். நான் காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். "என் ரூம்ல வைப்பா, நாளைக்கு விசாரிக்கலாம்" என்று பியூனிடம் சொன்னார்.

சாயங்காலம் பஸ் ஏறி கீழ்க்கட்டளை வரை வெறுங்காலோடு வந்தேன். வீட்டில் இவளிடம், பஸ் நெரிசலில் போய்விட்டது என்றேன். புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னாள். புதுசு போட்டுக்கொண்டு போனாலும் மாட்டிக்கொள்வேன், வெறுங்காலோடு போனாலும் மாட்டிக்கொள்வேன். லீவு போடலாம் என்றால், நான் இல்லாமலே ஆபீஸ் நடப்பதை அவர்கள் பார்த்துவிடுவார்கள்.