சேலை அடுக்கிய கதிரை

செவ்வாய்க்கிழமை, இரவு

நான் வேலை செய்யும் சேலைக்கடையில் முதலாளி எனக்காக வாங்கிப் போட்ட கதிரையில் இத்தனை மாதமாகச் சேலைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். கேட்டால் அலமாரித் தட்டில் இடமில்லை என்பேன். அதில் உட்கார்ந்துவிட்டால், இந்த இடுப்பு வலி இனிப் போகாது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்று மடுல்கெல்லயிலிருந்து ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தார்.

"தங்கச்சி, அந்தக் கதிரைய கொஞ்சம் தாங்க. எனக்கு இடுப்பு வலி."

"ரொம்ப நாளாவா?"

"அது கெடக்கு, மூத்தவ பொறந்ததுலருந்து. நீங்க அந்தப் பச்சைய விரிங்க, பாப்போம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. கடை நிறைய ஆட்கள். எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்? சேலைகளை எடுத்துவிட்டுக் கதிரையைக் கொடுத்தேன். சாவகாசமாக உட்கார்ந்து, தட்டு முழுவதையும் இறக்க வைத்து, கடைசியில் அந்தப் பச்சையையே எடுத்துக்கொண்டு போனார்.

விரித்த சேலைகள் குவிந்து கிடந்தன. கதிரை காலியாக இருந்தது. உட்கார்ந்தே மடித்தேன். முதலாளி பார்த்தார். வலி கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் வேலை முடிந்தது.

கிளம்பும்போது பழக்கத்தில் ஒரு கட்டுச் சேலையைக் கதிரைமேல் வைத்துவிட்டேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அதை எடுத்துத் தட்டில் வைத்தேன். இடம் இருந்தது.