மச்சான் கையைப் பிடித்து நிறுத்தினேன்

செவ்வாய்க்கிழமை.

அந்தோணி மச்சானும் நானும் ஒரே படகில் சங்கு குளிக்கப் போகிறோம். மூன்று நாளாக அவர் காதில் சீழ் வடிகிறது. சண்டை வருமே என்று நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். இன்று அவர் கடலில் குதிக்கப் போனபோது கையைப் பிடித்தேன்.

"இன்னைக்கு நீங்க இறங்கக் கூடாது மச்சான்."

"ஏலே, எனக்கே சட்டம் சொல்லுதியா?" என்று கத்தினார்.

ஆனாலும் நான் கையை விடவில்லை. "கோவப்படுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஏன் போவலன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். "இனி சங்கு குளிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டா என்னல செய்வேன்?"

ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். கரை சேர்ந்து வீட்டுக்குத் திரும்பும்போது, "காலைல எட்டு மணிக்கு வந்துருல" என்றார்.