கும்பிடாமல் போனாள்

கப்பலில் இருக்கும் என்னவனுக்கு,

சமைப்பது நான், கண்டிப்பது நீ என்று நாம் பேசிவைத்ததை இன்று காலை மீறிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த உன் மகள் கிரதினை அதட்டிவிட்டேன்.

உன் தோளில் தொங்குகிறவள், நாம் மணம் முடித்துச் சியாங் மாய் வந்த நாளிலிருந்து எனக்கு மட்டும் கைகூப்பிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள், நான் ஏதோ தலைமை ஆசிரியர் போல. இன்று எழுந்து நின்று கத்தினாள்.

"மொதல்ல நீங்க முட்டையில மீன் சாஸ் ஊத்துறத நிறுத்துங்க! ரெண்டு வருஷமா வாய மூடிக்கிட்டு முழுங்குறேன்!"

கும்பிடவில்லை. வாசல் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நான் கரண்டியோடு நின்றேன். அரை நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"என் குடை எங்க? சாயங்காலம் நீங்களே வண்டியில வந்து கூட்டிட்டுப் போங்க. லேட்டா வந்தீங்க, அவ்வளவுதான்!"

அவள் போன பிறகு வெகுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என்றாவது கிளம்ப வேண்டிவரும் என்று கட்டிலுக்கு அடியில் நான் கட்டிவைத்திருந்த பையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. பார்த்திருப்பாய். அதிலிருந்த சட்டைகளை உன் சட்டைகளுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

பள்ளி விடும் நேரமாகிவிட்டது. தாமதித்தால் திட்டு விழும், வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்