மாடி வீட்டு ஓட்டு

ஜனவரி 21, 2024, ஞாயிறு

காட்டூரில் காலை முழுக்கக் கரண்ட் இல்லை. வந்த பிறகும் வைஃபை வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்க மாடியிலிருந்து மஹ்ஜபீன் இறங்கி வந்தாள். குடிவந்த நாளிலிருந்து என் இணைப்பைத்தான் அவளும் பயன்படுத்துகிறாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் கணவர் தாஜுதீனுக்குத் தையல் சாமான் கடை: ஊக்கு, பொத்தான், லேஸ், ஜிப். மதியம் வரை அவளும் அங்கேதான் நிற்பாள்.

இணைப்பு வந்ததும் நான் வழக்கம்போல இணையக் கலைக்களஞ்சியத்தில் பிழை திருத்த உட்கார்ந்தேன். பின்னால் நின்று பார்த்தவள், "இதெல்லாம் யாரு எழுதுறாங்கக்கா?" என்றாள்.

"யார் வேணும்னாலும் எழுதலாம். நானே பதினோரு வருஷமா எழுதறேன்."

"அப்ப காஜான்னு போடுங்க."

போட்டேன். தேடலில் கஜா புயல் வந்தது, காஜா வரவில்லை. சட்டைப் பொத்தான் நுழைகிற துளைக்குத் தமிழில் ஒரு வரி இல்லை. "நீயே எழுதேன்," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

ஜனவரி 28, ஞாயிறு

கணக்குத் திறந்தாயிற்று. புனைபெயர் வைக்கலாமா என்று கேட்டாள். "சொந்தப் பேர்லயே எழுது. என்ன பயம்?" என்றேன். முழுப் பெயரையும் வைத்துவிட்டாள்.

முதல் கட்டுரை நாலு வரி. அதில் மூன்று இடத்தில் 'மிகவும் அழகான'. மூன்றையும் வெட்டினேன்.

"அழகா இருக்கிறதை அழகுன்னு சொல்லக் கூடாதாக்கா?"

"வேற யாராவது புத்தகத்துல சொல்லியிருந்தா சொல்லலாம்."

"உங்க ஆளுங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைவிட மோசம்க்கா." சிரித்துச் சிரித்து டீ ஆறிவிட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

பன்னிரண்டு கட்டுரை எழுதிவிட்டாள். நூலகத்திலிருந்து பழைய தையல் பாடநூல் ஒன்றை எடுத்து வந்து பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுகிறாள். துபாயில் இருக்கும் மகள் அல்ஃபியா தன் தோழிகளுக்கெல்லாம் இணைப்பை அனுப்பியிருக்கிறாளாம், 'எங்கம்மா எழுதினது' என்று. தாஜுதீன் பாய் கேட்டில் நின்று புலம்பினார்: "ஊக்கு கேட்டு வந்தவங்கள்ட்ட இவங்க ஊக்கோட வரலாறைச் சொல்லி அனுப்புறாங்க. வியாபாரம் விளங்கினாப்லதான்."

மார்ச் 3, ஞாயிறு

என்னை நிர்வாகிப் பொறுப்புக்கு முன்மொழிந்திருக்கிறார்கள். நிர்வாகி என்றால் பக்கங்களை நீக்கலாம், குளறுபடி செய்கிறவர்களைத் தடுக்கலாம். இரண்டு வாரம் வாக்கெடுப்பு.

ஸ்ரீரங்கத்தில் பத்திர எழுத்தரிடம் யார் யாருடைய வீட்டையோ நான்கு எல்லை போட்டுத் தட்டச்சு செய்கிறேன். எந்தப் பத்திரத்திலும் என் பெயர் வராது. இங்கேதான் 'காவிரிக்கரை' என்ற என் புனைபெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். வேண்டும் - இது எனக்கு வேண்டும். யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதில் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

நாலு பேர் எதிர்த்துவிட்டார்கள். இப்படியே போனால் தேறாது.

சாயங்காலம் மஹ்ஜபீன் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். 'நான் போடட்டுமா' என்று அவள் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், "நீயும் ஒரு ஓட்டுப் போடேன்" என்று. உடனே போட்டுவிட்டாள். தெரிந்தவர்களைக் கூட்டிவந்து ஓட்டுப் போடவைக்கக் கூடாது என்பது விதி. அந்த விதிப் பக்கத்தில் பாதி நான் எழுதியது.

மார்ச் 16, சனி

நஸ்ருல்லா என்ற மூத்த நிர்வாகிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மஹ்ஜபீன், காவிரிக்கரை இரண்டு பேரின் எழுத்து நடையும் ஒரே மாதிரி இருக்கிறதே என்கிறார். ஒரே மாதிரிதான் இருக்கும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். மஹ்ஜபீனின் பேச்சுப் பக்கத்தில் நேரடியாகக் கேட்டிருக்கிறார்: 'காவிரிக்கரையை உங்களுக்குத் தெரியுமா?'

பதறிப்போய் இறங்கி வந்தாள். "என்னக்கா எழுதட்டும்?"

"தெரியாதுன்னு எழுது."

"நோன்பு வெச்சிருக்கேன்க்கா. பொய் சொல்லலாமா?"

"ஒரு வரிதானே. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு என் முன்னாலேயே செல்போனில் தட்டி அனுப்பினாள்.

மார்ச் 18, திங்கள்

மறக்கவில்லை. இணைப்பைச் சோதித்துவிட்டார்கள். இரண்டு கணக்கும் ஒரே வீட்டிலிருந்து.

என்னிடம் விளக்கம் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன்: 'மாடியில் குடியிருப்பவர் என் இணைப்பைப் பயன்படுத்துகிறார். அவர் எழுதுகிறார் என்பதோ, எனக்கு வாக்களித்தார் என்பதோ இப்போதுதான் தெரியும். அந்த வாக்கைக் கழித்துவிடுங்கள்.'

முதல் வாக்கியம் உண்மை. அடுத்தது? ஒரு எழுத்தைக்கூட அழித்துத் திருத்தாமல் எழுதினேன். பதினோரு வருஷத்து நல்ல பெயர், அப்படியே நம்பிவிட்டார்கள். ஓட்டைக் கழிக்கச் சொன்ன என் நேர்மையை மெச்சி மூன்று பேர் புதிதாக ஆதரவு தந்திருக்கிறார்கள்.

மார்ச் 20, புதன்

நிர்வாகி ஆகிவிட்டேன்.

அவளுடைய பயனர் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி. 'பொய் சொல்லி வாக்கெடுப்பைக் குலைக்க முயன்ற கணக்கு. காலவரையின்றித் தடை.' மேலே அவளுடைய முழுப் பெயர். எனக்குப் புனைபெயர் இருக்கிறது. அவளை நான்தானே சொந்தப் பெயரில் எழுதச் சொன்னேன்? அல்ஃபியாவின் தோழிகள் பார்த்திருப்பார்களே.

அவள் இறங்கி வரவில்லை. தாஜுதீன் பாய்தான் கேட்டில் நிறுத்தினார். "கம்ப்யூட்டர்ல என்னமோ தப்புப் பண்ணிட்டாங்களாம், ரெண்டு நாளா அழுவுறாங்க. ஒண்ணும் சொல்லவும் மாட்டேங்குறாங்க. அதனால உங்களுக்கு ஏதும் தொந்தரவு ஆயிடலையேங்க?"

"இல்லைங்க பாய்," என்றேன்.

இல்லைங்க பாயாம். என்ன ஜென்மம்டி நீ.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். பிரியாணித் தூக்கை பாய் கொண்டுவந்து கொடுத்தார். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அதுதான் கேவலமாக இருக்கிறது.

மே 5, ஞாயிறு

நிர்வாகி என்பதால் அவள் தடையை நானே நீக்கிவிடலாம். ஒரு சொடுக்குப் போதும். ஆனால் அதற்கு முன் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விட்டால் நகராது.

'தவறான புரிதல்' என்று எழுதினேன். யாருடைய தவறு? அழித்தேன். 'புதியவர் என்பதால் மன்னிப்பு' என்று எழுதினேன். மன்னிக்க நான் யார்? அதையும் அழித்தேன். மதியம் சமைக்கவில்லை.

மே 6, திங்கள்

இன்றும் எழுதவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

எழுதிவிட்டேன். 'இவருக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தது நான். எனக்கு வாக்களிக்கச் சொன்னது நான். என்னைத் தெரியாது என்று எழுதச் சொன்னதும் நான். மாட்டிக்கொண்டதும் இவரைத் தெரியாதவர்போலக் காட்டிவிட்டேன். இவர்மேல் தவறில்லை.' கட்டத்துக்குள் அடங்கவில்லை. மிச்சத்தை எல்லாரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் போட்டேன். தடையை நீக்கினேன். சிவப்புப் பெட்டியை எடுத்தேன். என் பொறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்.

நஸ்ருல்லா ஒரே வரிதான் எழுதினார்: 'ஏற்கிறோம். இதை மார்ச்சில் சொல்லியிருக்கலாம்.'

ஜூன் 5, புதன்

மஹ்ஜபீன் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள்.

"படிச்சேன்க்கா."

"என்னை மன்னிச்சுடு, மஹ்ஜபீன்."

"தடை போட்டதுகூட எனக்குப் பெருசாத் தெரியலக்கா. அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே எழுதியிருப்பேன், எல்லாம் என் தப்புதான்னு. உங்களுக்காக எழுதியிருப்பேன். நீங்க கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க."

உட்காரச் சொன்னேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். அவர்கள் தனி இணைப்பு வாங்கிவிட்டார்கள். அந்த வயர் என் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் மேலே போகிறது.

அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 14, ஞாயிறு

எதிலும் எழுதவில்லை. மாடிப்படியில் எதிரே பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறாள். நானும் நல்லா இருக்கிறேன் என்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நெடுநாள் கழித்து இன்று உதவிப் பக்கத்தைத் திறந்தேன். துறையூரிலிருந்து வைஷ்ணவி என்று ஒருவர் கேட்டிருந்தார்: 'எங்கள் பக்கத்துக் கடலைச் சாகுபடி பற்றி எழுத ஆசை. எப்படித் தொடங்குவது என்று யாராவது சொல்லித் தருவீர்களா?'

பதில் எழுதலாம் என்று போனால், ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. மஹ்ஜபீன் எழுதியது. எந்தப் புத்தகத்தைத் தேடலாம், மேற்கோளை எங்கே போட வேண்டும், முதல் கட்டுரையை யாராவது வெட்டினால் ஏன் மனம் தளரக் கூடாது என்று பொறுமையாக ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்:

'ஒன்று மட்டும். உங்களுக்குப் புனைபெயர் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஓட்டுப் போடு என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். சொல்லிக்கொடுத்தவர் கேட்டாலும் போடாதீர்கள். நாளைக்கு நானே கேட்டாலும் போடாதீர்கள்.'

இரண்டு முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.