உமது புத்தகத்தில் மட்டும் இருக்கும் வரி

நேற்றுத் தபாலில் ரயில் பாதையின் வரைபடம் வந்தது. உருளையைப் பிரித்ததும் மெழுகுத் துணியின் வாடை அறை முழுக்க ஏறியது. சர்வேக்காரர் முதல் படத்தைக் கொண்டுவந்த அன்று நீர் அதை மூக்கருகே பிடித்து, "புதுச் செருப்பு மாதிரி இருக்கு வே" என்றது நினைவுக்கு வந்தது. நேற்று நான் மோந்து பார்க்கவில்லை. நேரே வண்டி நிற்கும் ஊர்களின் பட்டியலுக்குப் போனேன். ஏழு ஊர்கள். ஆலடிக் குடியிருப்பு இல்லை. மணல்மேடு இல்லை. முதல் வண்டி காலை எட்டு மணிக்கு.

நீர் போய் ஏழு மாதம் ஆகிறது. இதை உமக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். இதைச் செய்தவனும் நான்தான்.

ஒரே ஆற்றங்கரையில் இருக்கும் இரண்டு தாலுகா போர்டுகள் சேர்ந்து ஒரு ரயிலை ஓட்டப் போவதாகச் சொன்னபோது நாம் இருவரும் எப்படிச் சிரித்தோம்! மேற்கு போர்டுத் தலைவர், அந்த வக்கீல், கிழக்கே போய் உட்கார மாட்டார். கிழக்கு போர்டுத் தலைவர், அந்த மிராசுதார், மேற்கே வரமாட்டார். கடைசியில் இரண்டு தாலுகாவுக்கும் எல்லையில் இருந்த சத்திரத்தில் மேசையைப் போட்டார்கள். "எல்லை வந்ததும் இஞ்சின இறக்கி வச்சிட்டு வேற இஞ்சின மாட்டணும்னு கேக்காம விட்டாங்களே, அதச் சொல்லும்" என்றீர் என் காதருகே. பாதிச் செலவு அவர்களுடையது, பாதி இவர்களுடையது. அதில் சண்டை இல்லை. வண்டி யாருடைய நேரத்துக்கு ஓடுவது என்பதில்தான் சண்டை. மேற்கே இருந்தவர்களுக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டு வாசலில் இறங்க வேண்டும். கிழக்கே இருந்தவர்களுக்கு வாழை இலைக்கட்டு வாடும் முன்னால் சந்தைக்குப் போக வேண்டும்.

நான் மேற்கு போர்டின் குமாஸ்தா, நீர் கிழக்கு போர்டின் குமாஸ்தா. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு போர்டுகளும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தன. ஒரே கூட்டத்தின் நடவடிக்கைகளை எழுத இரண்டு மினிட்டுப் புத்தகங்கள். கூட்டம் முடிந்ததும் நாம் எதிரெதிரே உட்கார்ந்து, நீர் ஒரு வரி, நான் ஒரு வரி என்று உரக்கப் படித்து ஒத்துப் பார்ப்போம். இரண்டிலும் இருந்தால்தான் அது தீர்மானம். ஒன்றில் மட்டும் இருந்தால் அது யாரோ பேசிய பேச்சு.

உம்மைக் கண்டு எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் நீர் படித்த இங்கிலீஷ் மேல் பொறாமை. முத்துக் கோத்த மாதிரி இருந்த கையெழுத்தின் மேல் பொறாமை. இவை சின்னப் பொறாமைகள்; விட்டுவிடலாம். ஏழைகளைப் பற்றி ஊரில் கத்திக்கொண்டிருந்தவன் நான். வயிறு நிறைந்தவர்களை வைதவன் நான். ஆற்றோரத்தில் நிலமுள்ள குடும்பத்தில் பிறந்து, அந்த நிலத்தையே திட்டிப் பேர் வாங்கியவன். நீரோ ஒரு வார்த்தை கத்தியதில்லை. ஒரு வாரம் விடியும் முன் எழுந்து போய் ரோட்டில் நின்றீர். ஆலடிக் குடியிருப்பிலிருந்தும் மணல்மேட்டிலிருந்தும் நாற்று நடவும் களை எடுக்கவும் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நடந்து போகிற பெண்களோடு கூடவே நடந்தீர். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எப்போது வீடு சேருகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தீர். அந்தத் தாளை என்னிடம் காட்டினபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் இத்தனை வருஷத்துக் கோபத்தில் அவர்களில் ஒருத்தியின் பேர்கூட இல்லை. உமது தாளில் எல்லோருடைய பேரும் இருந்தது.

"என்ன கேட்டாங்க தெரியுமா?" என்றீர். "சாயங்காலம் வண்டில திரும்பினா, பிள்ளைக முழிச்சிருக்கும்போதே வீடு சேரலாமாம். அம்புட்டுதான் கேட்டாங்க."

அடுத்த கூட்டத்தில் கமிட்டி முன்னால் எழுந்து நின்று அந்தத் தாளைப் படித்தீர். வக்கீல் சிரித்தார். "கூலிக்காரிக்கு ரயிலா? நடந்து பழகின காலு வே அது. டிக்கெட்டுக்கு எங்கன போவாளுக?"

நீர் அவரைப் பார்க்கவே இல்லை. மிராசுதாரைப் பார்த்தீர். "அண்ணாச்சி, இப்பம் அவங்க வயல்ல இறங்கும்போது வெயிலு ஏறிருது. வண்டில வந்தா வெள்ளன இறங்கிருவாங்க. டிக்கெட்ட வயலுக்காரங்களே எடுத்துக் குடுத்தாலும் நட்டமில்ல."

மிராசுதார் தொடையில் தட்டினார். "ஏ, இவம் சொல்லுதது சரிதானவே! வக்கீலய்யா, உம்ம கட்சிக்காரன் பத்து மணிக்கு வந்து ஊர்க்கத பேசுதான். நம்ம ஆளு அஞ்சு மணிக்கு வந்தா நெல்லாவது விளையும்." எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்துவிட்டு, "சரி, எழுதிக்கிடுங்க" என்றார். காலை ஐந்துக்கு ஒரு வண்டி, மாலை ஐந்தரைக்கு ஒரு வண்டி. இரண்டும் ஆலடிக் குடியிருப்பிலும் மணல்மேட்டிலும் நிற்கும்.

நீர் எழுதினீர். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இவன் அந்தப் பெண்களுக்கு நடையில் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தை மிராசுதாருக்கு விற்றுவிட்டான், நானாக இருந்தால் உரிமை என்று கேட்டிருப்பேன் என்று. பொய். நான் கேட்டிருந்தால் வக்கீல் என்னை வெளியே அனுப்பியிருப்பார், நான் அதையும் பெருமையாக ஊரில் சொல்லித் திரிந்திருப்பேன். நீர் வாங்கிக் கொடுத்துவிட்டீர். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டம் முடிந்தபோது உமக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு, "எனக்குக் குளிருது வே. இன்னைக்கு நீரே ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கிடும்" என்று உமது புத்தகத்தை என் பக்கம் தள்ளினீர். பார்த்தேன். ஒரு வரி தவிர எல்லாம் ஒத்திருந்தது. என் பேனாவில் மை இருந்தது, என் புத்தகத்தில் அந்த வரிக்கு இடமும் இருந்தது.

"சரியா இருக்கு" என்றேன். இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் உம்மைப் பார்க்க வந்தேன். கண் திறந்து, "புஸ்தகம் ஒத்துப் போச்சா?" என்று கேட்டீர். "போச்சு வே" என்றேன். என் கையைப் பிடித்து, "நீரு கவனமான ஆளு" என்றீர். நம் பழக்கத்தில் நீர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாளில் போய்விட்டீர்.

கல்லறைத் தோட்டத்துக்குள் வரத் தயங்கி, வேலிக்கு வெளியே அந்தப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த நேரத்திலும், கேளும், எனக்கு வந்தது பொறாமைதான். நான் செத்தால் இவர்களில் யார் வருவார்கள் என்று தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வரி எப்படியாவது பட்டியலில் ஏறிவிடும் என்று ஏழு மாதம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். இஞ்சினீருக்கு இரண்டு புத்தகங்களின் நகலும் போயிற்று. இரண்டிலும் இருந்ததை அவர் எடுத்துக்கொண்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்று விடியும் முன் முதல்முறையாக அந்த ரோட்டுக்குப் போனேன். இருட்டில் சும்மாட்டுத் துணியும் தூக்குச் சட்டியுமாக வந்தார்கள். முன்னால் வந்தவள் நின்றாள். நடுத்தர வயசு. கால் விரல்களுக்கு இடையில் சேற்றுப்புண்.

"அந்த அய்யா கூட வேல பாத்தவுகளா?" என்றாள்.

"ஆமா."

"நம்ம ஊர்ல வண்டி நிக்கும்னு சொன்னாக. நிக்குமாய்யா?"

"நிக்கும்னு அவரு எழுதினாரு. நான் எழுதல. அதனால நிக்காது."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வைவாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

"அப்பம் இப்ப எழுதுங்க" என்றாள். "எனக்கு நேரமாச்சு." எட்டு வைத்து நடந்து, மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

உம் மேல் பொறாமை இன்னும் போகவில்லை. போகாது என்றே நினைக்கிறேன். அவள் தேடியது உம்மை, என்னை அல்ல. ஆனால் இனி அதை வைத்துக்கொண்டு நடக்கலாம்.

வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. உமது புத்தகத்தில் இருக்கும் வரியைப் படித்துவிட்டு, என் புத்தகத்தில் அதை விட்டது மறதியில் அல்ல, நான் வேண்டுமென்றே விட்டேன் என்று நின்று சொல்லப் போகிறேன். வேலை போகும். போகட்டும். மிராசுதார் சொன்ன வார்த்தையில் நிற்பாரா, தெரியாது. உமது இடத்துக்கு வந்திருக்கும் குமாஸ்தாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அவர் எழுத வேண்டும். நானும் எழுதுவேன். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து உரக்கப் படிப்போம்.