நம் வீட்டுப் பாடு வேண்டாம் என்று சொல்ல நீ யார்

பழவேற்காடு
ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் மகன் எழிலரசனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் காயத்ரியும் நலமாகத்தான் இருப்பீர்கள், எங்கள் நலத்தைத்தான் எங்களைக் கேட்காமலே நீ தீர்மானித்துவிட்டாயே, அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது. போனில் திட்டினால் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து அங்கே வரும் அன்புசெல்வன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

உன் தம்பி விமல் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நம்மை விட்டுப் போனதிலிருந்து உன் நைனா தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார், அவன் பேரை வாயில் எடுக்கவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. நம் முறை வந்தபோதெல்லாம் உன் சித்தப்பாதான் போய் வலை கட்டி நம் வீட்டுப் பேரைக் காப்பாற்றினார். நீ என்ன செய்தாய்? அங்கிருந்தபடியே ஊர்ப் பெரியவர் சடையப்பனுக்குப் போன் போட்டு, எங்க வீட்டுக்கு இனிமே பாடு வேணாம், பேரை எடுத்துடுங்க என்று சொல்லியிருக்கிறாய். கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் உன் நைனாவுக்கு வாட்ச்மேன் வேலையும் ஒரு ரூமும் பார்த்து வைத்திருக்கிறாயாம், தண்ணியைப் பார்க்காம இருந்தா மறந்துடுவாங்க என்றாயாம். மறப்பதற்கு விமல் என்ன பஸ்ஸில் விட்ட குடையா? பாடு என்றால் சும்மாவா, ஊரே சீட்டுக் குலுக்கி இன்னார் இன்ன நாளில் ஏரியில் வலை கட்டலாம் என்று கொடுக்கிற உரிமை, உன் தாத்தா காலத்திலிருந்து வருவது, ஒரு தடவை கைவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

நேற்றுக் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கினார்கள். எல்லார் பேரும் வந்தது, நம் பேர் வரவில்லை. கேட்டால், உன் புள்ளதாம்மா வேணான்னு சொல்லிச்சு என்கிறார் சடையப்பன். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு ஓடி உன் நைனாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் எழுந்துவிட்டார். சட்டைகூடப் போடாமல் போய், அத்தனை பேர் நடுவில் நின்று, இன்னா நினைச்சிக்கினு இருக்கிறான் அவன், நான் செத்தா பூட்டேன், என் விமலு போன தண்ணியில நான் வலை கட்டக்கூடாதுன்னு சொல்ல அவன் யாரு என்று கத்தினார். விமல் என்று சொன்னாரோ இல்லையோ, அப்படியே மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். சடையப்பன் நம் பேரை எழுதிப் போட்டு மறுபடி குலுக்கினார்.

காலையிலிருந்து வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் தைக்கிறார், தைக்கிற ஒவ்வொரு கண்ணிக்கும் உனக்கு ஒரு திட்டு. மத்தியானம் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிந்ததே, அடுப்படியில் போய் நின்று சிரித்தேன். உன்னால்தான் தேறினார் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதே, நீ செய்தது அநியாயம், அதை நான் மன்னிக்கவில்லை.

காயத்ரிக்கு என் ஆசீர்வாதம், அம்மன் அவளுக்குக் குறையில்லாமல் வைக்கட்டும். உனக்கும்தான், பெற்றுத் தொலைத்தேனே. பங்குனியில் நம் முறை வருகிறது, வலையின் அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேண்டும், லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. வந்தால் அடி விழும், வாங்கிக்கொள். அவர் கோபம் ஆறுவதற்குள் வந்துவிடு எழிலு, ஆறிப்போனால் மறுபடி பேசாமல் உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்மேல் கோபம் தீராத அம்மா,
கங்கம்மாள்